உடைய வேண்டிய தட்டு

எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குப் புது மூடி வந்திருக்கிறது. பளபளவென்று ஆரஞ்சு நிறம். உள்ளங்கை அகலம். ஓரத்தில் மட்டும் ஈய நிறத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள்.

போன புதன்கிழமை கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்த என் சித்தி மகள் புஷ்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதே அண்ணி. எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையில வாங்கலை புஷ்பா. துப்பாக்கியால சுட்டேன். ஒடையலை. வூட்டுக்குக் கொண்டாந்துட்டேன்" என்றாள் என் மனைவி மலர், கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

புஷ்பா மூடியை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள் பாருங்கள்... 'அண்ணே, வூட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்குது?' என்று கேட்கிற பார்வை!

அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டைரியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 'டைரிக்காரன்' என்று கேலி செய்து கடிதம் போடும் வாசகர்கள் இந்த வாரமாவது என் டைரியை மன்னிக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் அது மோசமாகத் தோற்றது.

மலர் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். வயது நாற்பத்தேழு. இரண்டு வருடம் முன்பு பள்ளி மாணவிகளைத் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். மாணவிகள் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். டீச்சர் திரும்பவில்லை. அன்றே மெம்பர்ஷிப் பாரம் வாங்கிவிட்டாள்.

அவள் பிடித்துக்கொண்ட விளையாட்டு இதுதான். தரைக்குள் ஒரு குழி. குழிக்குள் ஒரு மெஷின். ஆள் தயாராகி "புல்" என்று (இங்கிலீஷில் 'இழு') குரல் கொடுத்தால், மெஷின் ஒரு சின்னத் தட்டை, களிமண் தட்டு என்று பேர், வானத்தில் வீசும். அது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. கண் சிமிட்டுவதற்குள் அதைச் சுட்டு உடைக்க வேண்டும். துப்பாக்கி கிளப்புடையது. அங்கேயே பூட்டு போட்ட அறையில் இருக்கும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போய், சுட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வருவோம். நான் எதற்குப் போகிறேன்? ஸ்கோர் எழுத.

வருடத்துக்கு ஒரு முறை மாநிலப் போட்டிக்கு கிளப்பிலிருந்து பெண்கள் டீமுக்கு ஆள் எடுப்பார்கள். இருபத்தைந்து தட்டில் பதினேழு உடைத்தால் உள்ளே. மலர் முதல் வருடம் பதினாறு. இரண்டாம் வருடமும் பதினாறு.

"இந்தத் தடவையும் பதினாறுன்னா நான் வுட்டுடறேங்க" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ரசத்துக்கு உப்பு போட மறந்திருந்தாள். இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில் ரசத்தில் உப்பு இல்லாதது அதுதான் இரண்டாவது முறை. (முதல் முறை அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. டைரியில் இருக்கிறது.)

தேர்வுக்கு முன்னால் நான்கு ஞாயிறுகள்தான் இருந்தன. பயிற்சி வேண்டும். இடது பக்கமாகப் பறக்கும் தட்டுகள் மட்டும் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. பயிற்சி என்றால் செலவு. சிக்கனமாக என்ன செய்யலாம்?

எனக்கு உடனே ஒரு யோசனை. வெளிநாடுகளில் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்களாம்! நெட்டில் நான்கு இரவு உட்கார்ந்து படித்தேன். தலைப்பு போட்டு, அடிக்கோடு இட்டு, பதினோரு பக்கம் குறிப்பு. அதை எடுத்துக்கொண்டு மலரோடு போய், கிளப்பில் சுடும் மைதானத்தைக் கவனிக்கும் சுபேதார் சாரிடம் நீட்டினேன். ராணுவத்தில் இருந்து வந்தவர். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"வெடிமருந்து வூட்டுக்குள்ள வரக்கூடாது சார். லைசென்ஸ் இல்லாம அதத் தொட்டா, அடுத்த டைரி நீங்க ஜெயில்ல ஒக்காந்துதான் எழுதணும்."

"கேஸ் அடுப்பு பக்கத்துல வச்சு நிரப்பலாம்னு இருந்தீரா?" என்றாள் மலர். அவள் 'நீங்க'வை விட்டு 'நீர்' என்று இறங்குவது கோபம் வந்தால் மட்டும்தான்.

பதினோரு பக்கமும் வீண். ஆனால் கிளம்பும்போது சுபேதார் சார் ஒன்று சொன்னார்.

"தோட்டா கூட சமாளிச்சுடலாம்மா. தட்டுதான் இல்ல. வடக்கேருந்து லாரியில வருது. பாதி வழியிலேயே ஒடஞ்சுடுது. இருக்கறது தேர்வுக்கு மட்டும்தான் காணும். நீங்களே தட்டு கொண்டாந்தா எவ்வளவு வேணா சுட்டுக்குங்க."

தட்டா? களிமண் தட்டா?

யாரிடம் சொல்கிறார்! நாங்கள் விருத்தாசலத்துக்காரர்கள். தடுக்கி விழுந்தால் பீங்கான் யூனிட்டில் விழுகிற ஊர். ஜாடி, பொம்மை, பியூஸ் கட்டை, வாஷ்பேசின்... எங்கள் ஊர் சூளையில் ஏறாத சாமான் உண்டா? பஸ்ஸில் திரும்பும்போது என்னால் உட்கார முடியவில்லை. மலர் கையைப் பிடித்து இழுத்து இழுத்து உட்கார வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜமால் பாய் யூனிட்டில் நின்றேன். பாய் என் பழைய சிநேகிதர். ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் செய்கிறார். கையில் மாதிரிக்கு ஒரு தட்டு, கூடவே நான் எழுதிய ஸ்பெசிபிகேஷன். குறுக்களவு பதினோரு சென்டிமீட்டர். உயரம் இரண்டரை. எடை நூற்றைந்து கிராம், கூடக் குறைய இரண்டு கிராம் போகலாம். நிறம் ஆரஞ்சு. எண்ணிக்கை ஐம்பது.

பாய் அதைப் படித்துவிட்டு மார்பில் கை வைத்தார்.

"மேடத்துக்கா? அப்ப இது நம்ம வூட்டு வேலை. கவலைய வுடுங்க சார். சனிக்கிழமை ரெடி."

சனிக்கிழமை போனேன். ஐம்பது தட்டும் வைக்கோலில் வரிசையாக இருந்தன. என்ன வழவழப்பு! என்ன மினுமினுப்பு! கேட்காமலே கிளேஸ், அதுதான் கண்ணாடி மாதிரி மேல்பூச்சு, போட்டிருந்தார். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஐம்பதில் நாற்பத்தெட்டு சரியான எடை. பென்சிலால் ஒன்று முதல் ஐம்பது வரை நம்பர் போட்டேன். அன்று இரவு டைரியில் 'மிக நன்று' என்று எழுதினேன். நான் அப்படி எழுதுவது அபூர்வம்.

ஞாயிறு காலை. முதல் தட்டு. மலர் தோளில் துப்பாக்கியை அணைத்து, "புல்" என்றாள். ஆரஞ்சுத் தட்டு வெயிலில் மின்னிக்கொண்டு கிளம்பியது. டமார்!

தொடர்ந்து ஒரு சத்தம்.

டிங்.

கோயில் மணி மாதிரி, சுத்தமான சத்தம். தட்டு கொஞ்சம் ஆடியது. பிறகு தன் பாட்டுக்குப் பறந்து போய்ப் புல்லில் இறங்கியது. முழுசாக.

"பட்டுது" என்றேன்.

"பட்டுது. ஒடையலையே" என்றார் சுபேதார் சார். "ஒரு துண்டாவது கண்ணுக்குத் தெரிய வுழணும் சார். இல்லன்னா கணக்குல வராது. அதான் ரூலு."

பத்துத் தட்டுகள். நான்கு முறை டிங். உடைந்தது பூஜ்யம். தோட்டாவிலிருந்து சிதறுகிற சின்ன ஈயக் குண்டுகள் தட்டில் மோதி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று சுபேதார் சார் நிறுத்திவிட்டார். பிறகு மைதானத்தில் நடந்து போய் ஒரு தட்டைப் பொறுக்கிவந்து, என் கையில் வைத்தார்.

"சார், இதுல தயிர் ஒறைய வைக்கலாம்."

அன்று பஸ்ஸில் நான் ஸ்பெசிபிகேஷன் தாளை விரித்து மறுபடி படித்தேன். அளவு இருக்கிறது. எடை இருக்கிறது. நிறம் இருக்கிறது. 'உடைய வேண்டும்' என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அந்த விளையாட்டின் ஒரே நோக்கம் அதுதான்... அதைத்தான் நான் எழுதவில்லை! பாயும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? உடையாத சாமான் செய்வதற்கென்றே பிறந்த ஊர் இது.

திங்கட்கிழமை பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் பெருமை. துப்பாக்கியால் சுட்டும் உடையவில்லையா என்று இரண்டு முறை கேட்டு, ஆபீஸ் அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். பிறகுதான் விஷயம் புரிந்தது. முகம் மாறிவிட்டது.

"ஒடையற சாமான் வேணுமா? என் யூனிட்லயா? சார்... எங்க வாப்பா காலத்துலேருந்து அந்தப் பேரு எடுத்தது இல்ல."

பக்கத்தில் அச்சில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். பெயர் தனம். முப்பத்தைந்து வயது இருக்கும். என் ஐம்பது தட்டையும் அச்செடுத்தவள் அவள்தானாம்.

"ஒடையணும்னா எங்கள இல்ல சார் கேட்டுருக்கணும்? ஒடைக்கறதுக்கு ஆளு இல்லாமயா போச்சு இங்க? சூளைக்குப் போறதுக்குள்ள கை பட்டாலே போவுது, வளையலு பட்டாலே போவுது. அதுக்குத்தான பாய்கிட்ட தெனம் திட்டு வாங்கறோம்."

"ஏ தனம், வாய மூடு."

"நெசந்தான பாய்? சூளையில ஏத்தாதீங்க சார். வெயில்ல காய வச்சு அப்படியே எடுத்துக்கிட்டுப் போங்க. பச்ச மண்ணு. தொட்டா தூளு."

சூளையில் ஏற்றாமலா? பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. சாமான் என்றால் சூளையில் ஏறி இறங்க வேண்டும் - அவ்வளவுதானே எங்களுக்குத் தெரியும்?

இரண்டாவது ஞாயிறு நாற்பது பச்சைத் தட்டுகள். உமி நிரப்பிய தகர டின்னில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு போனோம். சேத்தியாத்தோப்பில் பஸ் மாறும்போது கண்டக்டர் டின்னைத் தூக்கி மேலே வைக்கப் போனார்.

"ஒடையற சாமானுங்களா மேடம்?"

"ஆமாங்க. ஒடையணும். ஆனா இப்ப இல்ல" என்றாள் மலர்.

கண்டக்டர் டின்னை அவள் மடியிலேயே வைத்துவிட்டார்.

பஸ் உடைக்காததை மெஷின் உடைத்தது. வீசும் கை தட்டைத் தள்ளியதும் குழிக்குள்ளேயே பொலபொலவென்று உதிர்ந்தது. நாற்பதில் முப்பத்தொன்று வானத்தையே பார்க்கவில்லை. மிச்சம் ஒன்பது பறந்தது. அதில் ஐந்தை மலர் உடைத்தாள். உடைந்தபோது பார்க்க வேண்டுமே! வானத்தில் வெள்ளையாக ஒரு புகைப் பூ. எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. முயற்சி செய்தேன்.

ஆனால் முப்பத்தொன்று... சுபேதார் சார் குழியிலிருந்து ஏறி வந்தபோது தலையிலிருந்து கால் வரை வெள்ளை. திருநீற்று மூட்டைக்குள் விழுந்து எழுந்தவர் போல இருந்தார்.

"ஒண்ணு ஒடையவே மாட்டேங்குது. ஒண்ணு நிக்கவே மாட்டேங்குது. நடுவுல ஒண்ணு கெடைக்காதாம்மா உங்க ஊர்ல?"

நடுவில் ஒன்று! அந்த வாரம் முழுவதும் அதுதான் எங்கள் பேச்சு. நான் அவ்வளவு உற்சாகமாக இருந்து எத்தனை வருடமாயிற்று! ஆபீஸ் முடிந்ததும் நேராக யூனிட். மலரும் ஸ்கூல் விட்டு அங்கேயே வந்துவிடுவாள். ஓரத்தைக் கனமாக்கினோம். நடுவை மெல்லிசாக்கினோம். பலம் வரவில்லை.

புதன்கிழமை தனம்தான் வழி சொன்னாள்.

"கிளேஸ் ஒட்டறதுக்கு கோந்து கலப்போம் சார். அது காஞ்சா கெட்டியா புடிச்சுக்கும். இந்த மண்ணுல சோத்துக் கஞ்சிய வுட்டுப் பெசஞ்சா என்னா?"

பிசைந்தாள். எவ்வளவு கஞ்சி என்று நான் நோட்டோடு நின்றேன். "ரெண்டு கை" என்றாள். யார் கை, எவ்வளவு பெரிய கை என்று கேட்டேன். "என் கைதான் சார். வேற யாரு கை இருக்குது இங்க?" அப்படியே எழுதிக்கொண்டேன்: கஞ்சி, தனம் கையால் இரண்டு கை. மேலே செங்காவி தடவினாள், வானத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று.

வெயில் நல்ல வெயில். மூன்றே நாளில் காய்ந்தது. சனிக்கிழமை மாலை மணிமுத்தாற்று மணலில் இறங்கி, கிளப்பில் இரவல் வாங்கிய, கையால் வீசும் பிளாஸ்டிக் குச்சியில் வைத்து இருபது தட்டுகளை வீசிப் பார்த்தேன். இருபதும் உதிராமல் காற்றில் நின்றன. இருபதும் தரையில் விழுந்து நொறுங்கின. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர், நல்ல சட்டை போட்ட ஆள் ஒருத்தர் தட்டை வீசி உடைத்துவிட்டுக் குதிப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிறு தனமும் எங்களோடு பஸ் ஏறினாள். "என் தட்டு பறக்கறத நான் பாக்க வேணாமா?"

மெஷின் வீசியது. தட்டு நின்றது. மலர் சுட்டாள். உடைந்தது! அறுபது தட்டில் நான்குதான் குழியில் உதிர்ந்தன. ஒவ்வொரு முறை வெள்ளைப் பூ விரியும்போதும் தனம் கைதட்டினாள். தான் செய்தது உடைவதைப் பார்த்துக் கைதட்டிய முதல் பீங்கான் தொழிலாளி அவளாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் யாருமே எதிர்பார்க்காத லாபம் ஒன்று இருந்தது. கம்பெனித் தட்டு உடைந்தால் கறுப்புத் துண்டுகள் சிதறும், அவ்வளவுதான். எங்கள் தட்டிலிருந்து வெள்ளைத் தூள் எழும்பி ஒரு நொடி நிற்கும். எந்த ஓரத்தில் குண்டு பட்டது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். சுபேதார் சார் திடீரென்று கத்தினார்.

"அம்மா! எடது பக்கம் போறப்ப பின்னோரத்துலதான் தூள் கெளம்புது. நீங்க தட்டு இருக்கற எடத்தச் சுடறீங்க. அது போற எடத்தச் சுடுங்க!"

இரண்டு வருடமாகத் தெரியாதது. ரெண்டு கை கஞ்சி சொல்லிக்கொடுத்தது.

அந்த வாரம் நடுவில் மழை. நான்காம் ஞாயிறு போனபோது மைதானத்தில் எங்கள் தட்டின் துண்டுகள் ஒன்றுகூட இல்லை. கரைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தன. பாயின் ஆரஞ்சுத் தட்டு ஒன்று மட்டும், முதல் ஞாயிறு பொறுக்காமல் விட்டது, புல்லில் பளபளவென்று கிடந்தது. ஓரத்தில் இரண்டு ஈயப் புள்ளிகள். மலர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு, தேர்வு.

அன்று கம்பெனித் தட்டுதான். அதுதான் விதி. கூடவே வந்திருந்த தனத்துக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "அது ஒழுங்கா ஒடையுமா சார்?" என்று என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்தில் ஏழு. இருபதில் பதிமூன்று. இருபத்து நான்கு முடிந்தபோது கோடுகளை எண்ணினேன்.

பதினாறு.

மறுபடியும் எண்ணினேன். பதினாறுதான். அந்த எண் எங்கள் குடும்பத்தை விடவே விடாதா? ஒரே ஒரு தட்டு பாக்கி. மலர் என் பக்கம் திரும்பவில்லை. அவளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

"புல்."

இடது பக்கம். தாழ்வாக, வேகமாக, இடது பக்கம்.

துப்பாக்கி தட்டைத் தாண்டி முன்னே போனதை நான் பார்த்தேன். சத்தம். தட்டு... தட்டு பறந்துகொண்டே இருந்தது! என் கையில் பென்சில் அப்படியே நின்றது.

"வுழுந்துச்சு!" தனம் எழுந்து நின்றுவிட்டாள். "துண்டு வுழுந்துச்சு சார்! முன்னோரம்!"

சுபேதார் சார் திரும்பி அவளை முறைத்தார். அங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர்தான். சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு வருட டைரி எழுதியிருப்பேன்.

"நானும் பாத்தேன். நகத்தளவு துண்டு" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக, "ஹிட்!"

பதினேழு.

மலர் துப்பாக்கியை மடக்கி, காலியென்று காட்டி, மேஜையில் முறையாக வைத்தாள். அதுவரைக்கும் பி.டி. டீச்சர். பிறகு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என்னை அல்ல. தனத்தை.

மாநிலப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வாரம் நூறு தட்டு என்று ஜமால் பாய் தானாகவே ஏற்பாடு செய்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை - தட்டில் யூனிட் பெயர் இருக்கக் கூடாது. ஸ்பெசிபிகேஷன் தாளைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வரி: உடைய வேண்டும். அளவும் எடையும் அதற்குக் கீழே.

நேற்றுக் காலை சமையலறையில் என் கை தவறி, அவளுக்குப் பிடித்த நீலப் பூப் போட்ட காபிக் கோப்பை கீழே விழுந்தது. மாமியார் வீட்டுச் சீர். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

ஹாலிலிருந்து மலரின் குரல் மட்டும் வந்தது.

"எத்தன துண்டு?"